அக்கா ஏறாத கார்

10.06.2025, செவ்வாய்

காருக்குக் கீழே இன்றும் ஒயில். சின்னவள் அதை மிதித்துக்கொண்டு வந்து விறாந்தை முழுக்கக் கறுப்புத் தடம். மகளைப் பேசுவதா, காரைப் பேசுவதா? இவர் துறைமுகத்தில் ஷிப்டுக்குப் போய்விட்டார். நான்தான் குனிந்து பார்த்தேன். பார்த்து எனக்கு என்ன விளங்கப் போகுது.

பின்னேரம் கராஜில் காட்டினேன். ஸுஹைர் பாஸ் கையைத் துடைத்தபடி, "பழைய எஞ்சின் கொஞ்சம் வியர்க்கத்தான் செய்யும் டீச்சர். கிழமைக்கு ஒருக்கா ஒயில் மட்டத்தைப் பாருங்கோ," என்றார். இந்த வெயிலில் மனிசருக்கே வியர்க்கிறது. அதோடு விட்டுவிட்டேன்.

13.06.2025, வெள்ளி

அக்காவும் மகள் டிலக்சியும் சாம்பல்தீவில் எங்கட வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போனார்கள். உவர்மலை வீட்டில் கொண்டுபோய் விடுகிறேன் என்று கார்த் திறப்பை எடுத்தேன். "பரவாயில்லையடி, நாங்கள் ஓட்டோவில போறம்," என்றா. எப்பவும் இதுதான். ஏப்ரலில் அவர்கள் எங்களுக்குத் தந்த கார். தந்த பொருளில் உரிமை கொண்டாடக் கூடாது என்று நினைக்கிறா போல. என் அக்கா அப்படித்தான், சின்ன வயதிலிருந்தே.

போகும்போதும், "மெதுவா ஓடு. கனதூரம் ஓடாதே," என்றா. கட்டைபறிச்சானில் படிப்பிக்கிறவள் கனதூரம் ஓடாமல் பறந்தா போறது?

16.06.2025, திங்கள்

என்னோடு படிப்பிக்கிற நிஸா டீச்சர் வழமைபோலக் கிண்ணியாவில் ஏறினா. பாலம் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில், "டீச்சர், உங்களுக்குக் கடிதம் வரல்லையா?" என்று கேட்டா. அவவின் அண்ணன் ஸெய்னுதீன் நானாவிடமும் இதே கார், இதே வருடம். கார்க் கொம்பனியின் ஏஜென்டுக்காரர் கடிதம் போட்டிருக்கிறார்களாம். இந்தக் கார்களை எல்லாம் கொம்பனி திருப்பி அழைக்கிறது. எஞ்சின் ஒயில் கசிந்து சூடான புகைக்குழாயில் விழுந்தால் தீப்பிடிக்கலாம். திருத்தும்வரை ஓடவேண்டாம். திருத்தம் இலவசம்.

எனக்கு எப்படிக் கடிதம் வரும்? கார் இன்னும் அக்காவின் மனிசன் யுகேந்திரன் அத்தானின் பெயரில்தான். கைமாற்றுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுத் தந்தார், அதைக் கொடுத்துப் பெயர் மாற்றாமல் நான் அலுமாரிக்குள் வைத்துவிட்டேன். ஓப்பன் பேப்பர். ஊரில் எத்தனை வாகனம் அப்படித்தான் ஓடுது. பெயரை மாற்றுவோமா என்று இவர் கேட்டதற்கு, "எங்களுக்குள்ள என்ன பேப்பர்," என்று அத்தான் சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

மூதூர் தாண்டும்வரை பொனெற்றிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நிஸா டீச்சர் தஸ்பீஹ் மணியை உருட்டத் தொடங்கிவிட்டா.

பின்னேரம் அக்காவுக்குப் போன். "கடிதமோ? ஒண்டும் வரேல்லையே," என்றா. கேள்வி முடியமுன்னமே சொன்னா.

20.06.2025, வெள்ளி

அரைநாள் லீவு போட்டுக் காரை ஏஜென்டின் சேவை நிலையத்துக்குக் கொண்டுபோனேன். மேசையில் இருந்த பிள்ளையின் பெயர் றிஷானா. சேசிஸ் நம்பரை அடித்துப் பார்த்தா.

"மார்ச் நாலாம் திகதி கடிதம் போயிருக்கு மிஸ். சொந்தக்காரர் கோல் பண்ணியும் கதைச்சிருக்கிறார். பாகம் வர மூண்டு மாதம் செல்லும், அதுவரைக்கும் ஓடவேணாம் எண்டு சொல்லியிருக்கிறம்."

திகதியைத் திரும்பச் சொல்லச் சொன்னேன். அவ திரையை என் பக்கம் திருப்பினா. அத்தானின் பெயர். அத்தானின் நம்பர். மார்ச் நாலு.

நாங்கள் கார் எடுத்தது ஏப்ரல் இருபத்தாறு.

பாகம் இப்போது வந்துவிட்டதாம். ஆனால் பதிவில் உள்ளவர் வந்து கையெழுத்து வைத்தால்தான் கை வைப்பார்கள். காரை அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் வந்தேன்.

21.06.2025, சனி

அக்காவுக்குத் தெரியாமல் இருக்கும். அத்தான் மறைத்திருப்பார். காலையிலிருந்து இதையே சொல்லிக்கொண்டிருந்தேன், உடுப்புத் தோய்க்கும்போதும்.

ஆனால் மே மாதம் டிலக்சிக்குக் காய்ச்சல் வந்ததே. ஆஸ்பத்திரி வாசலில் நான் காரை நிறுத்திக் கதவையும் திறந்து வைத்திருந்தேன். காய்ச்சல் பிள்ளையை அணைத்துக்கொண்டு அக்கா கொதிக்கிற வெயிலில் ஓட்டோவுக்கு நின்றா. பரவாயில்லையடி, நீ போ. பண்பு எண்டு நினைச்சன். என்ன மடச்சி நான்.

அண்டைக்குச் சின்னவள் பின்சீற்றில இருந்தவள். பெரியம்மாவுக்குக் கை காட்டினாள். அக்காவும் கை காட்டினா. சிரிச்சுக்கொண்டு.

தன்ர பிள்ளையை ஏத்தேல்லை. என்ர பிள்ளைக்குக் கை காட்டினவ.

22.06.2025, ஞாயிறு

உவர்மலைக்குப் போனேன். அத்தான் பத்திரிகையை மடிக்கவில்லை. "எல்லாக் காரும்தான் ஒழுகும். இப்ப என்ன, ஏதும் நடந்ததே?" என்றார். அந்த மனிசனிடம் எனக்குக் கதையில்லை. குசினிக்குள் போனேன்.

அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தா. தெரியுமா என்று கேட்டேன். உரித்ததைத் தண்ணிக்குள் போட்டா. பிறகு, "அவர் சொல்ல விடேல்லையடி. நானும் எத்தனைதரம் சொன்னனான், மெதுவா ஓடு, தூரம் ஓடாதே எண்டு," என்றா.

"அது சொன்னதோ அக்கா?"

அழுதா. வெங்காயமோ என்னவோ. எனக்கு அழுகை வரேல்லை. கையெழுத்து வைக்க அத்தானை அனுப்பச் சொல்லிவிட்டு வந்தனான்.

24.06.2025, செவ்வாய்

மூதூர்வரை பஸ்ஸில் நின்றபடி.

08.07.2025, செவ்வாய்

இரண்டு கிழமை சாட்டுச் சொல்லி, இன்றைக்கு அத்தான் வந்தார். என்னைப் பார்க்காமல் கையெழுத்து வைத்தார், போனார். மதியத்துக்குள் வேலை முடிந்தது. கழற்றிய பழைய பாகத்தை றிஷானா காட்டினா. ஒரு ரப்பர் வளையம், சின்னவளின் காப்பு அளவுகூட இல்லை. வெடித்துக் கிடந்தது. அரைநாள் வேலை. மூண்டு மாதம் பொறுத்திருந்தால் அத்தானே செய்வித்திருக்கலாம், எனக்கும் நல்ல காராகத் தந்திருக்கலாம்.

அதைத்தான் என்னால் விழுங்க ஏலாமல் இருக்கு.

31.07.2025, வியாழன்

பத்திரத்தை அலுமாரியால் எடுத்துக் கொண்டுபோய்ப் பெயர்மாற்றத்துக்குக் கொடுத்தாச்சு. எங்களுக்குள்ளயும் இனிப் பேப்பர் இருக்கு.

14.10.2025, செவ்வாய்

பின்னேரம் நல்ல மழை. நான் டவுணுக்குள் வரும்போது போன். கிட்டத்தட்ட நாலு மாதத்துக்குப் பிறகு அக்காவின் குரல். "டிலக்சி டியூசன் முடிஞ்சு நிக்கிறாள். ஒரு ஓட்டோவும் இல்லை. ஒருக்கா ஏத்திக்கொண்டு வந்து விடுறியே? கார் இப்ப சரிதானே?"

சரிதான் என்றேன்.

பிள்ளை நனைந்துபோய் நின்றது. ஏறி பெல்டைப் போட்டுக்கொண்டு, "சித்தி, எவ்வளவு காலத்துக்குப் பிறகு எங்கட காரில ஏறுறன். அம்மா விடவே மாட்டா," என்றாள். பதின்மூன்று வயது. அதுக்கு என்ன தெரியும். சின்னவள் பின்னாலிருந்து அவளுக்குத் துவாயை நீட்டினாள்.

கேற்றடியில் அக்கா குடையோடு நின்றா. மெலிந்திருந்தா. டிலக்சியை இறக்கிவிட்டு என் பக்கக் கண்ணாடிக்கு வந்தா. "மழைக்குள்ள போகாதே. வா, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ. பிள்ளையையும் இறக்கு."

"பரவாயில்லை அக்கா," என்றேன். "நாங்கள் காரில போறம்."

அக்கா கை காட்டினா. சின்னவள் நித்திரையாகிவிட்டிருந்தாள். எனக்கு இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தது.