முதல் பல்லுக்கு ஒரு கன்று

அன்புள்ள மாரெத்துக்கு,

நீயும் நம் மகள் ரிஸ்தெனும் சுகம்தானே? உன் இடுப்பு வலி விட்டதா? இங்கே கடற்கரை மேய்ச்சலில் நானும் அண்ணனும் நலம். பனிமான்கள் முக்கால்வாசி கன்று போட்டுவிட்டன.

நேற்று ஒரு வெள்ளைக் கன்று தாயைத் தவறவிட்டு ஓடைக்கு அக்கரையில் நின்று கத்தியது. அதைத் தூக்கி வரும்போது பனிக்கட்டி உடைந்து இடுப்பளவு தண்ணீரில் இறங்கிவிட்டேன். பயப்படாதே, கன்று நனையவில்லை. அண்ணன் கயிறு வீசி என்னை இழுத்தார். "ஏண்டா, நேத்து பொறந்த கன்னுக்கே இந்த ஐஸ் தாங்காதுன்னு தெரிஞ்சிருக்கு, உனக்குத் தெரியலையே!" என்று ஒரே சிரிப்பு.

குளிருக்குக் காலணிக்குள் வைக்கக் காய்ந்த புல் இரண்டு கட்டு கொடுத்தனுப்பு. நீயே மடித்துக் கட்டு. நான் மடித்தால் குத்துகிறது.

அந்தக் கன்று ரிஸ்தெனுக்குத்தான். ஆனால் நம் வழக்கப்படி முதல் பல்லை முதலில் பார்ப்பவர்தானே குழந்தைக்குக் கன்று கொடுக்க வேண்டும்? உன் தம்பி ஜோவ்னா தினமும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறானாமே!

தபால் படகு ஊதிவிட்டது. கன்றின் காதில் அவளுடைய உரிமைக் குறியை வெட்ட நீங்கள் இருவரும் இங்கே வந்து சேரும்வரை, ஜோவ்னா எதிரில் மட்டும் அவளைச் சிரிக்க விடாதே.

உன்
நில்லாஸ்