கடுக்காய்த் தண்ணீர் ஊறிய டிரம்

12 ஜூன் 2006, திங்கள்

இன்று நான் சொல்லாதது: அந்த டிரம்மை வாங்கி வந்தது நான்தான்.

சனிக்கிழமை பழைய சத்திரத்துச் சுவரில் பூசிய சுண்ணாம்புச் சாந்து முழுக்க உப்பி, கொப்புளம் கொப்புளமாகக் கிடந்தது. விரல் வைத்தால் உதிர்ந்தது.

"எக்கா, சுவத்துக்கு ஆப்பமா சுட்டீக?" என்று கொத்தனார் சங்கிலிமுத்து சின்னத்தாயைக் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். காண்ட்ராக்டர் முத்துராமலிங்கம் சிரிக்கவில்லை.

"கடுக்காயக் கொட்டையோட இடிச்சிருப்பே. கருப்பட்டிக்கும் அளவில்ல. நாளையிலருந்து வராத."

சாந்தில் சேர்க்கும் தண்ணீருக்குக் கடுக்காயும் கருப்பட்டியும் அந்த டிரம்மில் பத்து நாள் ஊறவைத்தவள் அவள். கொட்டையை நீக்கியதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். அளவை நோட்டில் எழுதியதும் சைட் சூப்பர்வைசரான நான்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் நோட்டைப் பார்த்தேன்.

13 ஜூன்

சிவகாசிப் பட்டாசு கம்பெனிக்கு அலுமினியப் பவுடர் வந்த டிரம் அது. பழைய சாமான் கடையில் கிடைத்தது. சின்னத்தாய் ஏழு வருஷம் பட்டாசு மருந்து கலக்கும் அறையில் இருந்தவள். வாங்கி வந்த அன்று, கழுவிய பிறகும் உள்விளிம்பைத் தடவி, பளபளத்த விரலைக் காட்டினாள். "இது லேசுல போவாது தாயி."

"பரவாயில்லக்கா" என்றேன். நான்தானே சொன்னேன்?

14 ஜூன்

டிரம்மின் அடியில் ஒட்டியிருந்த பவுடரைச் சுரண்டி ஒரு கிண்ணம் சுண்ணாம்பில் கலந்தேன். சற்று நேரத்தில் குமிழி விட்டுப் பொங்கியது. சுவரில் நடந்ததும் இதுதான்.

17 ஜூன்

இன்னும் சொல்லவில்லை. சொன்னால் வேலை போகும். அத்தா, "பொம்பளப் பிள்ளைக்கு சைட் வேல எதுக்குன்னு அன்னைக்கே கேட்டேன்ல" என்பார். பிறகு வீடுதான்.

நூலகத்தில் எடுத்த நாவலில் ஒருத்தி நாற்பது பக்கம் மனம் வருந்துகிறாள். மூடி வைத்துவிட்டேன்.

மத்தியானம் தனியாகச் சாப்பிட்டேன். இந்த சைட்டில் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டவள் அவள் ஒருத்திதான். "இங்கன சுண்ணாம்பு கையத்தான் பொத்துப்போடும். பட்டாசு கம்பெனி மாதிரி உசுரக் கேக்காது" என்பாள்.

20 ஜூன்

தலைவலி. போகவில்லை. — பொய். தலைவலி இல்லை.

22 ஜூன்

சொல்லிவிட்டேன். கிண்ணத்தையும் காட்டினேன்.

"சரி விடு மஹ்ரீன். படிச்ச பிள்ள, ஏதோ தெரியாம நடந்துபோச்சு. அவளையும் வரச் சொல்லு" என்றார் முத்துராமலிங்கம். எனக்கு ஒரு திட்டுக்கூட இல்லை.

25 ஜூன், ஞாயிறு

அச்சங்குளம் போனேன். சின்னத்தாய் வீட்டு வாசலில் கை கழுவிக்கொண்டிருந்தாள். நகக்கண்ணில் மறுபடி வெள்ளிநிறப் பவுடர்.

"வேலைக்கு வாங்கக்கா. தப்பு என்னுதுன்னு சொல்லிட்டேன்."

"டிரம்முன்னு எனக்கு அன்னைக்கே தெரியும் தாயி. நீங்க வாயத் தொறப்பீகன்னுதான் நின்னேன்."

நான் திண்ணையில் உட்கார்ந்தேன்.

"தீவாளி ஆர்டரு. கம்பெனில பேரு குடுத்துட்டேன்" என்றாள். பிறகு, "டீ குடிக்கீகளா?"

குடித்தேன்.

20 நவம்பர்

மறுபடி பூசிய சுவர் வெடிப்பில்லாமல் காய்ந்துவிட்டது. கடுக்காயை உடைப்பது, ஊறவைப்பது, கிளறுவது எல்லாம் இப்போது நானே. தீபாவளியோடு மூடிய பட்டாசு கம்பெனி மறுபடி திறந்தது. சின்னத்தாய் அங்கேதான் வேலைக்குப் போகிறாள்.