கவிழ்த்த வாளியின் மேல் ஒரு பருவம்

வில்மாட், அயோவா
2 அக்டோபர் 1904

மதிப்பிற்குரிய திருமதி பிரஸ்காட் அவர்களுக்கு,

இங்கே எல்லாரும் சுகம், காபியைத் தவிர. நீங்கள் விடுதியைப் பூட்டிவிட்டு நெப்ராஸ்காவுக்கு ரயிலேறியதிலிருந்து இந்த ஊரில் குடிக்கத் தகுந்த காபி இல்லை. அக்காவை இழந்த வீட்டில் மூன்று குழந்தைகளோடு நீங்கள் படும் பாட்டை நினைத்தால் காபியைப் பற்றிப் புலம்ப வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் புலம்புகிறேன்.

ஒரு அதிசயம் நடந்துவிட்டது. நம் கல்லூரி நேற்று கால்பந்து ஆட்டத்தில் ஜெயித்தது! நம் பையன்கள் பந்தை உதைப்பதைவிட ஒருவரையொருவர் உதைப்பதே அதிகம், அதிலும்கூட இரண்டு வருடமாகத் தோல்விதான். நேற்று தண்ணீர் தூக்குகிறவனுக்குக் காய்ச்சல். ஊர்ப் பொதுச்சொத்தான இந்த நாவிதனைக் கூப்பிட்டார்கள். எனக்கோ முட்டிவலி. காலி வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தேன். உட்கார்ந்த மாத்திரத்தில் நம் கேப்டன் டோபின் பந்தைக் கட்டிப் பிடித்து, நாலு பேரை முதுகில் இழுத்துக்கொண்டே எல்லைக் கோட்டைத் தாண்டிவிட்டான். நான் எழுந்து கைதட்டப் போக, "அண்ணே, அசையாதீங்க! அப்படியே குந்துங்க!" என்று அலறினான். கடைசிவரை குந்தியிருந்தேன்.

தங்கள் பழைய வாடிக்கைக்காரன்,
வென்டல் ஹோப்ஸ்

*

கெர்னி, நெப்ராஸ்கா
12 அக்டோபர் 1904

அன்புள்ள ஹோப்ஸ்,

உங்கள் கடிதத்தைப் படித்து நான் சிரித்த சிரிப்பில் கடைக்குட்டி பயந்து அழுதுவிட்டாள். இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு நாளாயிற்று.

ஒரு செய்தி. சூப் குடித்துக்கொண்டே அத்தான் ஆமோஸ் சொன்னார்: "அடிலா, பிள்ளைங்களுக்கு ஒரு அம்மா வேணும். எனக்கும் தொணைக்கு ஒரு ஆள் வேணும். அடுத்த மாசம் நன்றித் திருநாள் விருந்துக்கு எல்லாரும் உக்காரும்போது உன் பதிலச் சொல்லு." நல்ல மனிதர். சூப்பைக்கூட ஓசையில்லாமல்தான் குடிப்பார். என் கணவர் பிரஸ்காட் இறந்து ஆறு வருடமாகிறது. இதற்கிடையில் வேறு யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை என்பதை மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன்.

சனிக்கிழமைகளில் ஆமோஸ் சந்தைக்குப் போய்விடுவார். யாராவது வந்தால் நிம்மதியாகப் பேசலாம்.

அன்புடன்,
அடிலா பிரஸ்காட்

*

வில்மாட்
30 அக்டோபர் 1904

அன்புள்ள திருமதி பிரஸ்காட்,

போன சனிக்கிழமை வருவதற்குப் பெட்டி கட்டிவிட்டேன், சத்தியமாக. புதுக் காலர்கூட வாங்கினேன். பயிற்சியாளர் கடைக்கே வந்து மறித்துக்கொண்டார்.

"எங்கய்யா கெளம்பிட்ட?"

"மாமாவுக்கு உடம்பு சரியில்லீங்க."

"ஒனக்கு ஏதுய்யா மாமா? நீ வாளியில இல்லேன்னா பசங்களுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. ஒரே ஒரு சனிக்கிழமை பொறுத்துக்கோப்பா."

இப்படியே எல்லாச் சனிக்கிழமையும் போயிற்று, எல்லா ஆட்டமும் ஜெயம். வாளிமேல் நான் இருப்பதால் பையன்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கிடையாது. நாக்கு வறண்டே ஜெயிக்கிறார்கள். கடையிலும் ஈ ஓட்டுகிறேன். மண்டைக்குத் தலைமயிர்தான் கவசம் என்று ஆட்டப் பருவம் முடியும்வரை ஒருத்தனும் முடி வெட்டுவதில்லை. அவர்களைப் பார்த்துப் பேராசிரியர்களும் வளர்க்கிறார்கள். சபைப் போதகர் பிரசங்கம் செய்யும்போது சிங்கமே நேரில் வந்து பேசுவதுபோல் இருக்கிறது.

தோற்றால் உடனே வருவேன். தோற்கவேண்டும் என்று ரகசியமாக ஜெபிக்கிறேன், ஊரில் சொல்லிவிடாதீர்கள்.

என்றும்,
ஹோப்ஸ்

*

கெர்னி
9 நவம்பர் 1904

அன்புள்ள ஹோப்ஸ்,

சிரித்தேன். சிரித்து முடித்துவிட்டு, நான் எழுதியிருந்ததற்கு ஒரு வரியாவது பதில் இருக்கிறதா என்று முதலிலிருந்து தேடினேன். போதகரின் முடியைப் பற்றி இருக்கிறது.

முந்தாநாள் கடைக்குட்டி தூக்கக் கலக்கத்தில் என்னை அம்மா என்று கூப்பிட்டாள். நான் திருத்தவில்லை. மனசு ஒரு பக்கமாகச் சாய்கிறது, ஹோப்ஸ். மறுபக்கமும் யாராவது இழுத்தால் நன்றாக இருக்கும்.

நன்றித் திருநாள் இருபத்து நான்காம் தேதி, வியாழக்கிழமை.

அடிலா

*

வில்மாட்
18 நவம்பர் 1904

அன்புள்ள அடிலா,

பெயர் சொல்லி எழுதிவிட்டேன். அதற்குள் மூன்று தாளில் மை கொட்டிவிட்டேன், இந்தக் கையை நம்பியா ஊர் கழுத்தைக் கொடுக்கிறது!

கடைசி ஆட்டமும் அதே வியாழக்கிழமைதான். ஜெயிக்கட்டும், தோற்கட்டும், எனக்கென்ன? காலை ரயிலில் கிளம்பிச் சாப்பாட்டு வேளைக்கு அங்கே இருப்பேன். உங்களிடம் ஒன்று கேட்கவேண்டும். எழுதினால் வேடிக்கையாகப் போய்விடும். நேரில்தான் கேட்பேன். அதுவரை ஆமோஸுக்குப் பதில் சொல்லாதீர்கள்.

உங்கள்,
வென்டல்

*

வில்மாட்
25 நவம்பர் 1904

அடிலா,

ஸ்டேஷன்வரை போனேன். ஒரு கால் படியில்கூட இருந்தது. அப்போது பேண்டு வாத்தியத்தோடு மொத்தக் கல்லூரியும் வந்து சேர்ந்தது. "அண்ணே, எங்க ஓடுறீங்க? வாளி அநாதையா நிக்குது!" என்று டோபின் என்னை அலாக்காகத் தோளில் தூக்கிக்கொண்டான். "டேய், கல்யாண விஷயம்டா, எறக்கி விடுங்கடா" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "மாமாவுக்கு உடம்பு சரியில்லடா" என்று வந்தது. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ரயில் போய்விட்டது.

ஜெயித்தோம். ஆட்டம் முடிந்ததும் டோபினிடம் உண்மையைச் சொன்னேன். மூக்கில் ரத்தத்தோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "என்னண்ணே நீங்க? இத அங்கயே சொல்லியிருந்தா நாங்களே எஞ்சின்ல ஏத்தி அனுப்பியிருப்போமே!"

அடிலா, என்னைக் கட்டிக்கொள்வீர்களா? நேரில் கேட்க அடுத்த வாரச் சனிக்கிழமை கிளம்புகிறேன். இனி ஆட்டம் எதுவும் இல்லை.

வென்டல்

*

கெர்னி
29 நவம்பர் 1904

அன்புள்ள வென்டல்,

சனிக்கிழமை வரவேண்டாம்.

வியாழக்கிழமை ஒரு தட்டு கூடுதலாக வைத்தேன். யாருக்கு என்று ஆமோஸ் கேட்கவில்லை. வான்கோழி ஆறிப் போயிற்று. பிள்ளைகள் பசியோடு காத்திருந்தார்கள். காலை ரயில் தவறியிருக்கும், மாலை ரயிலில் வருவீர்கள் என்று சொல்லிக்கொண்டேன். மாலை ரயிலும் வந்து போன பிறகு அந்தத் தட்டை எடுத்துக் கழுவி வைத்தேன். பிறகு ஆமோஸிடம் சரி என்றேன். அவர் தலைகுனிந்து, "ரொம்ப நன்றி, அடிலா" என்றார்.

உங்கள் கடிதம் நேற்று வந்தது. வேடிக்கையாகப் போய்விடும் என்று பயந்தீர்களே, இல்லை. அந்த வரியைப் பலமுறை படித்தேன். நன்றாகவே கேட்டிருக்கிறீர்கள்.

டிசம்பர் பத்தாம் தேதி கல்யாணம். இனி எழுதுவதானால் எங்கள் இருவர் பெயருக்கும் எழுதுங்கள். அவருக்குச் சட்டென்று சிரிப்பு வராது. நான் படித்துக் காட்டுகிறேன்.

டிசம்பர் பத்துவரை,
அடிலா பிரஸ்காட்