மல்லாட்டை திருடியவள்

திண்டிவனம்,
வியாழக்கிழமை.

அன்பு மகன் ஆரோக்கியராஜுக்கு,

உன் அம்மா ஆசீர்வாதத்தோடு எழுதுகிறேன். கை எப்படி இருக்கிறது? மாவுக்கட்டை நனைய விடாதே. குளிக்கும்போது பிளாஸ்டிக் பையைச் சுற்றிக் கட்டிக்கொள். வலது கை என்பதால் சாப்பிடக் கஷ்டமாக இருக்கும். ஸ்பூன் வைத்துச் சாப்பிடு. கம்பெனி கேன்டீனில் அதைப் பார்த்து யாரும் சிரிக்க மாட்டார்கள்.

பதினேழு தடவை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. என் நம்பரை பிளாக் செய்திருப்பாய் என்று பக்கத்து ஜெராக்ஸ் கடை தேவநாதன் சொன்னார். அதனால்தான் ஓசூருக்கு ரிஜிஸ்டர் தபால். இடது கையால் கையெழுத்துப் போட்டாலும் கொடுப்பார்களாம், தபால் ஆபீஸில் விசாரித்துவிட்டேன்.

மருமகள் ஜெசிந்தாவும் பாப்பாவும் என்னோடுதான் இருக்கிறார்கள். பாப்பா அஸ்வினி சாப்பிடுகிறாள். ஆனால் நான் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் நகர்ந்தால் சேலையைப் பிடித்துக்கொண்டே வருகிறாள், கக்கூஸ் வாசல் வரைக்கும். ஸ்டூடியோவில் கவுண்டர் கண்ணாடி இன்னும் போடவில்லை. அட்டையை வைத்து ஒட்டி வேலை பார்க்கிறேன். ஸ்கூல் திறக்கிற நேரம், பாஸ்போர்ட் சைஸுக்குக் கூட்டம் வருகிறது.

போன மாதம் நீ ஒன்று கேட்டிருந்தாய். அப்பாவின் முதல் வருட நினைவு நாளுக்கு ஃப்ளெக்ஸ் அடிக்க வேண்டும், அந்த மல்லாட்டை போட்டோவை அனுப்பு என்று. "அப்பா சிரிச்ச மொகமா இருக்கணும்மா, அழுவுற மாரி எதுவும் வேணாம்" என்றாய். தேடித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு நான் பேசாமல் இருந்துவிட்டேன். தேடவே வேண்டியதில்லை, அது பீரோவில் சேலைக்கு அடியில்தான் இருக்கிறது. ஏன் அனுப்பவில்லை என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

2003 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் எடுத்த படம் அது. உனக்கு ஒன்பது வயது. ஸ்டூடியோ நீலத் திரைக்கு முன்னால் நாம் மூன்று பேரும் நிற்கிறோம். உனக்குக் கட்டம் போட்ட புதுச் சட்டை. நான் ரோஸ் சேலையில், வலது கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு நிற்கிறேன். டைமரைப் போட்டுவிட்டு ஓடி வந்த அப்பா, "உங்கம்மாவ பாருடா, கைய ஒளிச்சிக்கினு நிக்கறா. எங்கியோ மல்லாட்டை திருடிக்கினு வந்துட்டா போல" என்றார். வேர்க்கடலை திருடி மாட்டிக்கொண்டவள் மாதிரி நான் நிற்பதைப் பார்த்து நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். நானும் சிரித்தேன். அந்த நொடியில் ஃப்ளாஷ் அடித்தது. போட்டோக்காரியாகப் பார்த்தால் அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. மூன்று முகத்திலும் சிரிப்பு நன்றாக விழுந்திருக்கிறது.

அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று இந்தக் கதையை நீ எல்லோருக்கும் சொன்னாய். சாவு வீடு என்பதை மறந்து சிரித்தார்கள். சவுரிராயன் மாதிரி ஜாலியான மனுசன் இனிமேல் பிறக்கப் போவதில்லை என்று ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் எல்லோருக்கும் டீ கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அந்த முந்தானைக்குள் என் ஆள்காட்டி விரல் உடைந்திருந்தது. படம் எடுப்பதற்குக் கால் மணி நேரம் முன்னால் உடைந்தது. ஒரு மஞ்சள் நீராட்டு விழாவில் நான் எடுத்த இரண்டு படங்கள் மங்கலாகிவிட்டன. அப்பா என்னை டார்க்ரூமுக்குள் கூப்பிட்டார். மேசை டிராயரைத் திறந்து என் விரலை உள்ளே வைக்கச் சொன்னார். விளையாட்டாகச் சொல்கிறார் என்று வைத்தேன். டிராயரை இடுப்பால் தள்ளி, சத்தம் கேட்கிற வரைக்கும் அப்படியே சாய்ந்து நின்றார். "இந்த வெரலுதான தப்பா அமுக்குச்சி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கடைக்கு வருகிறவர்களிடம் பேசுகிற அதே குரல். அப்புறம் வெளியே போய், கிறிஸ்துமஸுக்கு ஒரு படம் எடுக்கலாம் வாடா என்று உன்னைக் கூப்பிட்டார்.

பண்டிகை முடிந்து நாலு நாள் கழித்துத்தான் விழுப்புரத்தில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனார். எப்படி ஆனது என்று டாக்டர் கேட்டதற்கு, "கேமரா ஷட்டர்னு நெனச்சி கடை ஷட்டர்ல கைய வச்சிட்டா சார்" என்றார். டாக்டர் சிரித்தார், நர்ஸும் சிரித்தார். விரல் கோணலாகவே கூடிவிட்டது. அன்றிலிருந்து நான் நடுவிரலால்தான் கேமராவை அமுக்குகிறேன். உன் கல்யாணத்துக்கு வந்த வீடியோக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு, ஆன்ட்டி ஸ்டைலே தனி என்றார்கள். நீயும் ஆமாம் என்று சொல்லிச் சிரித்தாய்.

அப்பா என்னை வெளியே வைத்து அடித்ததே இல்லை. எல்லாம் டார்க்ரூமில்தான். ஃபிலிம் கழுவும்போது கதவைத் திறக்கக் கூடாது என்று அவரே எழுதி ஒட்டியிருந்தார். வெளிச்சம் பட்டால் படம் போய்விடும் என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் யாரும் திறக்க மாட்டார்கள். நீ வெளியே பெஞ்சில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பாய். வயிற்றில் உதைப்பார், தலைமுடியைச் சுருட்டிப் பிடித்துத் தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்குவார். மூச்சு முட்டும்போது விடுவார். முகத்தில் மட்டும் தழும்பு விழாது. முகத்தில் எது தெரியும், எது தெரியாது என்பது அவருக்கு அத்துப்படி.

ஒரு தடவை நீ கதவைத் திறந்துவிட்டாய். நாலாவதோ ஐந்தாவதோ படித்தாய். நான் தரையில் கிடந்தேன். சிவப்பு விளக்கில் ரத்தம் தெரியாது, அதனால் நீ பார்த்திருக்க மாட்டாய். அப்பா என் மேலிருந்து எழுந்து, "அம்மாவோட கிளிப்பு வுழுந்துட்ச்சிடா, தேடிக்கினு இருக்கோம், நீயும் தேடு" என்றார். நீ உடனே மண்டி போட்டுத் தேட ஆரம்பித்தாய். நானும் தேடினேன். உதட்டின் உள்பக்கம் கிழிந்து வாய்க்குள் நிறைந்த ரத்தத்தை விழுங்கிக்கொண்டே தேடினேன். கடைசியில் அப்பா ஒரு கிளிப்பை உன் காதுக்குப் பின்னாலிருந்து எடுப்பதுபோல் எடுத்துக் காட்டினார். நீ கைதட்டினாய்.

இதையெல்லாம் ஏன் உன்னிடம் சொல்லாமல் இருந்தேன் என்று கேட்பாய். உனக்காவது சிரித்த முகமாக ஒரு அப்பா இருக்கட்டும் என்று நினைத்தேன். கல்யாணமான இருபத்தாறாவது வருடம் பக்கவாதம் வந்து அவர் படுத்தார். அப்புறம் ஆறு வருடம் நான்தான் குளிப்பாட்டி, துடைத்து, ஊட்டிவிட்டேன். அப்போதும் சொல்லவில்லை. செத்தவரைப் பற்றிப் பேசுவானேன் என்று இந்த ஒரு வருடமும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அது என் தப்பு. நீ செய்ததற்கு அதைச் சாக்காக எடுத்துக்கொள்ளாதே. அது உன் தப்பு.

இந்த மாதம் நாலாம் தேதி மத்தியானம் ஜெசிந்தா பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ஸ்டூடியோவுக்கு வந்தாள். கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை என்று பஸ் மாறி மாறி வந்திருக்கிறாள். துப்பட்டாவைக் காதோடு சேர்த்துக் கட்டியிருந்தாள். பஸ்ஸில் காற்று அடித்தது அத்தை என்றாள். நான் அவிழ்த்துப் பார்த்தேன். காதிலிருந்து கழுத்து வரை கறுத்து வீங்கியிருந்தது. இடது பக்கம் நின்று பேசினால் அவளுக்குக் கேட்கவில்லை. ஜவ்வு கிழிந்துவிட்டதாக இங்கே டாக்டர் சொன்னார்.

உன் கூட வேலை செய்கிறவர் வீட்டுப் பிறந்தநாள் விருந்தில், "எம் பொண்டாட்டி வச்ச கறிக்கொழம்ப நாய்க்கு ஊத்தனேன், அது அன்னியிலருந்து சைவமா மாறிட்ச்சி" என்று சொன்னாயாம். எல்லோரும் சிரித்தார்களாம். அவள் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் பீரோக் கதவில் அவள் தலையை மோதி மோதி, இப்ப சிரி, இப்ப சிரி என்றாயாம். இதை அவள் அழாமல்தான் சொன்னாள்.

அவள் தாய்வீடு மண்டகப்பட்டில் இருக்கிறது. அங்கே போகாமல் என்னிடம் ஏன் வந்தாய் என்று கேட்டேன். "எங்க வூட்ல சொன்னா, அவ்ளோ ஜாலியான மனுசன் அடிச்சாரான்னு கேப்பாங்க அத்தை. நீங்க கேக்க மாட்டீங்கன்னு தோணிச்சி" என்றாள். நான் அவளிடம் ஒரு நாளும் ஒன்றும் சொன்னதில்லை. என் விரலைப் பார்த்திருப்பாள்.

அன்றைக்கே பதினோரு படம் எடுத்தேன். காது, கழுத்து, தோளில் பதிந்த உன் நாலு விரல், முதுகில் பழைய தழும்பு மூன்று. வீக்கம் தெரிய வேண்டும் என்று லைட்டைப் பக்கவாட்டில் வைத்தேன். பக்கத்தில் ஸ்கேலை வைத்து அளவு தெரிகிற மாதிரி எடுத்தேன். கேமராவைத் தூக்கியதும் அவள் சிரித்தாள். பழக்கதோஷம். சிரிக்க வேண்டாம்மா என்றேன். அப்போதுதான் அழுதாள். முதல் இரண்டு படம் மங்கிவிட்டது. மறுபடி எடுத்தேன். மறுநாள் அதையெல்லாம் பிரின்ட் போட்டு மகளிர் காவல் நிலையத்தில் கொடுத்தோம். உன்னை விசாரணைக்குக் கூப்பிட்டவர்கள் அவர்கள்தான். அவர்களிடம் போவதற்குப் பதிலாக நீ ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்தாய்.

ஞாயிற்றுக்கிழமை நடந்தது உனக்குத் தெரியும். ஆனால் கதவுக்கு வெளியே என்ன நடந்தது என்பது தெரியாது. பூசை முடிந்து வந்து அப்போதுதான் கடை திறந்திருந்தேன். நீ சிரித்துக்கொண்டேதான் வந்தாய். தேவநாதனைப் பார்த்து, "அண்ணே, எம் பொண்டாட்டிய நாலு காப்பி ஜெராக்ஸ் போட்டுக் குடுங்க, ஒண்ணு ஓடிப்போனாலும் மிச்சம் இருக்கும்" என்றாய். அவரும் சிரித்தார். அப்படியே உள்ளே வந்து அவள் முடியைப் பிடித்துக் கவுண்டர் மேலேயே இழுத்தாய். கண்ணாடி உடைந்து அவள் முழங்கையைக் கிழித்தது. நான் குறுக்கே வந்ததற்கு என்னைத் தள்ளினாய், பெஞ்சில் போய் விழுந்தேன். பாப்பா கத்தினாள். நீ ஜெசிந்தாவை டார்க்ரூமுக்குள் இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினாய்.

இப்போது அது சாமான் போடுகிற அறை. உள்பக்கம் தாழ்ப்பாள் உடைந்து எத்தனையோ வருடம் ஆகிறது. முப்பது வருடத்தில் அந்தக் கதவுக்கு வெளியே நின்று நான் கேட்டது அன்றைக்குத்தான். உள்ளே இருக்கும்போது வெளியே ஒன்றும் கேட்காது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். எல்லாம் கேட்கிறது, ஆரோக்கியம். தலை சுவரில் படுகிற சத்தம்கூடத் தனியாகக் கேட்கிறது. அப்படியானால் பெஞ்சில் உட்கார்ந்திருந்த உனக்கும் கேட்டிருக்கும். நீ எழுதிக்கொண்டே இருந்திருக்கிறாய்.

லைட் ஸ்டாண்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தேன். நீ அவள் மேல் உட்கார்ந்து கழுத்தைப் பிடித்திருந்தாய். கண் செருகிவிட்டது அவளுக்கு. உன் முன்கையில் அடித்தேன். எலும்பு முறிந்தது எனக்குக் கேட்டது. நீ அவளை விட்டுவிட்டாய், அம்மா என்று கூப்பிட்டாய். அப்புறமும் ஒரு அடி அடித்தேன், அதே கையில். மூன்றாவது தடவை ஓங்கியபோது தேவநாதன் வந்து பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார். "அக்கா, வுடுங்க்கா, உங்க புள்ளக்கா" என்றார். உன்னை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனவரும் அவர்தான். அதற்கப்புறம் அன்று முழுக்க அவர் கடை திறக்கவில்லை. நான் சிரிச்சிட்டேனேக்கா என்று நாலு நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நடந்ததை எல்லாம் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன், நான் அடித்ததையும் சேர்த்து. முதல் அடி சரி, கழுத்தை விடவைக்க அடித்தீர்கள், இரண்டாவது அடி எதற்கு என்று எஸ்.ஐ. அம்மா கேட்டார்கள். வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். அது உனக்கு விழ வேண்டிய அடி இல்லை. அதற்குரிய ஆள் செத்துப்போய்விட்டார். அந்த ஒரு அடிக்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். முதல் அடிக்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

நினைவு நாள் பூசைக்குக் கோயிலில் சொல்லிவிட்டேன். ஃப்ளெக்ஸ் வேண்டாம். அவர் ஆன்மாவுக்காக ஜெபிக்கிறேன், அதைச் செய்ய என்னால் முடிகிறது. ஆனால் சிரிப்பான மனுசன் என்று எழுதித் தெருவில் கட்டுவதற்கு என் போட்டோவைத் தர மாட்டேன். நீயும் அன்றைக்கு வர வேண்டாம். ஜெசிந்தாவையும் பாப்பாவையும் நீ நெருங்கக் கூடாது என்று உத்தரவு கேட்டு மனு போட்டிருக்கிறோம். உன் சட்டைகள் நாலு இங்கே இருந்தன, துவைத்துத் தனி பார்சலில் அனுப்புகிறேன். பட்டன் போட முடியாது என்பதால் இரண்டில் பட்டனை எடுத்துவிட்டு ஒட்டுகிற பட்டி வைத்துத் தைத்திருக்கிறேன்.

இருபத்தேழாம் தேதி விழுப்புரம் கோர்ட்டில் வழக்கு வருகிறது. உனக்கும் நோட்டீஸ் வரும், தவறாமல் வா. அன்றைக்கு இல்லாவிட்டாலும் ஒரு நாள் என்னைக் கூண்டில் ஏற்றி, உங்கள் மகன் கையை உடைத்தது நீங்களா என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்வேன். என் மேல் வழக்கு வந்தாலும் வரட்டும். அப்புறம் உன்னைக் கேட்பார்கள். பீரோக் கதவு தானாகத் திறந்து மோதியது என்று சொல்ல வக்கீல் சொல்லிக்கொடுக்கலாம். அதைவிட நல்ல பதில் உனக்கே தோன்றும். ஜட்ஜே சிரிக்கிற மாதிரி சொல்ல உனக்கு வரும், எனக்குத் தெரியும்.

சொல்லாதே, தம்பி. ஆமாம் என்று மட்டும் சொல். இருபத்தாறு வருடம் அந்த ஒரு வார்த்தை ஒருவர் வாயிலிருந்து வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். படுக்கையில் விழுந்த பிறகும் பார்த்தேன். வரவில்லை. உன் வாயிலாவது அதை ஆண்டவர் வைக்கட்டும்.

உன்னைப் பெற்றவள்,
லூர்துமேரி