சாப்பாட்டு நேரத்து ஆட்டம்

மச்சான்,

நேற்று ஒட்டுசுட்டானில் ஒரு கலியாணம். மண்டபத்தின் பின்பக்கம் கிடாரத்தின் மூடியைத் தூக்கினார்கள். நான் பாட்டுப் போடுகிற மேசை வரை புரியாணி வாசம் வந்தது. எனக்குப் பசி வரவில்லை. உன்மேல் இருந்த பழைய சந்தேகம்தான் வந்தது.

நாம் சேர்ந்து வாங்கிய சவுண்ட் செற்றை இப்போது நான் தனியே ஏற்றி இறக்குகிறேன். நீ யாரையும் நம்பாத டிஜே. மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் ஆடினால் அதைக் கணக்கிலேயே எடுக்கமாட்டாய். "உவங்கள் ஜெனரேட்டர் சத்தத்துக்கும் ஆடுவாங்கள். கதிரையில இருக்கிற ஆக்களைப் பார்" என்பாய். நல்ல பாட்டுகளை முதலிலேயே கொட்டித் தீர்க்கக்கூடாது. ஒரு பாட்டின் தாளம் அடங்குமுன் அடுத்ததை அதே வேகத்தில் உள்ளே விடவேண்டும். ஆட்கள் களைத்தால் கொஞ்சம் ஆறவிட்டுத் திரும்பக் கிளப்பவேண்டும். இதெல்லாம் சரியாக அமைந்ததா என்று பார்க்க நீ வைத்திருந்த சோதனை ஒன்றுதான்: சாப்பாடு திறந்த பிறகும் சனம் ஆடவேண்டும்.

நான் முதன்முதல் தனியே பாட்டுப் போட்ட அன்று, பைலாப் பாட்டுக்குக் கதிரையில் இருந்த மாமிமாரும் எழும்பி ஆடினார்கள். ஒருவரும் சாப்பிடப் போகவில்லை. "வெண்டிட்டாய் மச்சான்" என்று முதுகில் தட்டினாய். நான் நம்பவில்லை. அதற்குச் சற்று முன் நீ சமையல்காரரிடம் குசுகுசுத்ததைக் கண்டிருந்தேன். எனக்காகச் சாப்பாட்டைப் பிந்தித் திறக்கச் சொல்லியிருப்பாய் என்று நினைத்தேன். கேட்டபோதெல்லாம் சிரித்தே மழுப்பினாய். பிறகு காய்ச்சல் வந்து ஒரேயடியாகப் போய்விட்டாய். அன்றிலிருந்து எந்தக் கைதட்டலும் எனக்குள் இறங்கியதில்லை.

நேற்றும் அதே சமையல்காரர். இனிப் பொறுக்கமுடியாது என்று கேட்டேவிட்டேன்.

"அண்ணை, அண்டைக்கு அவன் சாப்பாட்டைப் பிந்தித் திறக்கச் சொன்னவனோ?"

"பிந்தியோ? ஆட்டம் சூடா இருக்கேக்க திறவுங்கோ எண்டவன் தம்பி. ஆக்கள் ஆட்டத்தை விட்டிட்டு வாறாங்களோ எண்டு பாக்கோணுமாம்."

செத்தவனைப் பற்றி நல்லதாகச் சொல்லிவைக்கிறாரோ என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஒருத்தரும் வரேல்லையோ?"

"அவன் மட்டும் வந்தவன். மூக்குமுட்டச் சாப்பிட்டவன். 'இனி எனக்கு வேலையில்லை அண்ணை, அவன் தனியச் செய்வான்' எண்டு சொல்லிச் சொல்லிச் சிரிச்சவன்."

ஸ்பீக்கருக்குப் பின்னால் போய் நின்று அழுதேன், மச்சான். மற்றவர்கள் எல்லாரும் என்னைச் சும்மா புகழ்ந்தார்கள். நீ ஒருவன்தான் சந்தேகப்பட்டாய், சோதித்தாய், அதற்குப் பிறகே முதுகில் தட்டினாய். அந்தத் தட்டு நேற்றுத்தான் எனக்கு வந்து சேர்ந்தது.