காரணம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும்

ஜூன் 18, புதன்

தொட்டில் வந்துவிட்டது. நாளைதான் வரும் என்று போனில் போட்டிருந்தது. ஒரு நாள் முன்னதாகவே, மழையில் நனைந்தபடி கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். பிள்ளை பிறக்குமுன் தொட்டில் வீட்டுக்குள் நுழையக் கூடாது. அதனால் மேல்வீட்டு ருக்சானா அக்கா, பெட்டியைப் பிரிக்காமலே தன் கட்டிலுக்கடியில் வைத்துக்கொண்டாள்.

வாங்கியதே தப்புதான். இது ஏழாம் மாதம். இதற்கு முன் இரண்டு முறையும் நாலாம் மாதம் தாண்டவில்லை. ஆனாலும் மத்தியானத் தூக்கக் கலக்கத்தில் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்; விரல் அமுக்கிவிட்டது.

ஜூன் 19, வியாழன்

தூக்கம். வாசல் தகரத்தில் மழை. எழுந்தால் மறுபடியும் தூக்கம்.

ஜூன் 21, சனி

விலை இறங்கிவிட்டது. நாலாயிரத்து எண்ணூறுக்கு வாங்கியது இன்று மூவாயிரத்து ஐந்நூறு. வாங்கிய பிறகு யாராவது விலை பார்ப்பார்களா? நான் விலை பார்க்கவில்லை, படம்தான் பார்த்தேன். பெட்டிக்குள் இருப்பதைப் பார்க்க முடியாதே.

அவரிடம் சொல்லியிருக்க வேண்டாம். ஆயிரத்து முந்நூறு என்றால் பெல்ட் பட்டறையில் இரண்டு நாள் குனிந்த தலை நிமிராமல் தைக்க வேண்டும். கடையில் வாங்கியிருந்தால் நேரில் போய்ச் சண்டை போட்டாவது வாங்கியிருப்பேன் என்றார். கம்பெனிக்குப் போன் போட்டு இந்தியில் இரண்டு முறை கேட்டார். விற்ற பிறகு வித்தியாசம் தருவதில்லையாம். ஏழு நாளுக்குள் பிரிக்காத பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புது விலையில் மறுபடி வாங்கிக்கொள்ளலாமாம். "அவ்வளவுதான் ஏட்டி, லேசான வேல" என்றார்.

ஜூன் 22, ஞாயிறு

லேசான வேலையாம்.

திருப்பி அனுப்ப வேண்டுமென்றால் ‘காரணம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும்’ என்று ஒரு பட்டியல் வருகிறது. என் போனில் எல்லாம் தமிழ். அவர் இந்த ஊரிலேயே பிறந்து இந்திப் பள்ளியில் படித்தவர், தமிழ் வாசிக்க வராது. என்னை வாசிக்கச் சொன்னார்.

உடைந்துவிட்டது.

குறைபாடு உள்ளது.

மூன்றாவதைக் கண்ணால் பார்த்தேன், வாய்விட்டுச் சொல்லவில்லை. ‘இனி தேவையில்லை.’ ஒரு தொட்டிலைப் பற்றி இப்படியா எழுதிவைப்பார்கள்? விலை குறைந்துவிட்டது என்று முதலிலேயே ஒரு வரி போட்டிருந்தால் இந்த வம்பே இல்லை.

"எதையாச்சும் ஒண்ண அமுக்கு. மெஷின்தான வாசிக்கப் போவுது?" என்றார்.

"நாந்தான அமுக்கணும்? என்னால முடியாது" என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

நான் என்ன பைத்தியமா? இருந்துட்டுப் போறேன். ரெண்டு தடவையும் போனது எனக்குத்தான போச்சு — இல்லை, அவருக்கும்தான்.

ஜூன் 23, திங்கள்

பேசவில்லை. இரண்டு பேரும்.

ஜூன் 24, செவ்வாய்

நாளை கடைசி நாள்.

மத்தியானம் கனவு. சந்து நெடுக மழைத்தண்ணீர் ஓடுகிறது. அதன்மேல் தொட்டில் தானாக ஆடியபடி போகிறது. பயமாகவே இல்லை. விழித்துப் படுத்தபடியே அந்தப் பட்டியலை மறுபடி எடுத்தேன். அன்றைக்கு மூன்றோடு நிறுத்திவிட்டேன் அல்லவா, நாலாவதாக ஒன்று இருந்தது.

‘தாமதமாக வந்தது.’

தனியாகச் சிரித்தேன். கல்யாணமாகி எட்டு வருடம். இதைவிட உண்மை வேறு இருக்கிறதா? அமுக்கிவிட்டேன்.

ஜூன் 25, புதன்

அரைத்தூக்கத்தில் போன் அடித்தது. கம்பெனியிலிருந்து ஒரு பெண். "மேடம், எங்கள் கணக்கில் ஒரு நாள் முன்னதாகவே வந்ததாக இருக்கிறதே, எத்தனை நாள் தாமதம்?" என்று இந்தியில் கேட்டாள்.

"ஆட் சால்" என்றேன். எட்டு வருடம்.

காதில் சரியாக விழவில்லை என்று நினைத்து மறுபடி கேட்டாள். அப்புறம் எனக்குத் தெரிந்த இந்தியில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் — விலை இறங்கியது, முன்னால் போன இரண்டு, அந்தப் பட்டியல், என்னால் சொல்ல முடியாத அந்த வார்த்தை. பிறகு, இப்போது எத்தனை மாதம் என்று மெதுவாகக் கேட்டாள். கொஞ்சம் இருக்கச் சொல்லிவிட்டுப் போனாள். ஏதோ பாட்டு ஓடியது, நான் கண்ணசந்துவிட்டேன்.

திரும்பி வந்தாள். தன் மேலதிகாரியிடம் கேட்டாளாம்; ஆயிரம் ரூபாய் திருப்பிப் போடுவார்களாம், ரிட்டர்னை ரத்து செய்துவிடலாமாம். "பெட்டி அங்கேயே இருக்கட்டும், தீதி" என்றாள். அதுவரை மேடம் என்றவள், இப்போது அக்கா என்கிறாள்.

சாயங்காலம் அவரிடம் சொன்னேன். "முந்நூற விட்டுட்டியே" என்றார். பிறகு வெகுநேரம் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். எனக்கு அழுகை வந்தது. நன்றாகவும் இருந்தது.

செப்டம்பர் 14, ஞாயிறு

அந்தத் தொட்டில் இப்போது மூவாயிரம்கூட இல்லையாம். "ஏட்டி, இங்க பாரு" என்று போனை நீட்டிக்கொண்டு சத்தமாகச் சொல்ல வந்தார். மெதுவாகப் பேசச் சொன்னேன். இப்போதுதான் தூங்கினாள்.