தவுக்கேவுக்கு ஆபரேஷன்

என் செல்லத் தம்பி குமரனுக்கு,

நீ போய் இரண்டு மாதம் ஆகப்போகிறது. இத்தனை நாள் உனக்கு ஒரு வரி எழுதக்கூட எனக்குத் தெம்பில்லை. இன்று எழுத வைத்தது உன் வளர்ப்பு எலிகள், தவுக்கேயும் வடையும். சிரிக்காதே.

தவுக்கே வடையைக் கடித்துவிட்டான். முதலாளி என்று அர்த்தம் வருகிற மாதிரி பெயர் வைத்தாயே, முன்பும் அவன் அதட்டல் பேர்வழிதான். கூடப் பிறந்தவனென்றும் பாராமல் வடையை மல்லாத்திப்போட்டு மேலே ஏறி நிற்பான், நீ பார்த்துச் சிரிப்பாய். இது அப்படியில்லை. முதுகில் இரண்டு இடத்தில் தோல் கிழிந்து, வடை கூண்டு மூலையில் நடுங்கிக்கொண்டு கிடந்தான். விலக்கப் போன என் விரலிலும் ஒரு கடி.

டாக்சியில் மிருக டாக்டரிடம் கொண்டுபோனேன். ஓட்டுநர் கூண்டில் என்ன என்று கேட்டார். ஹாம்ஸ்டர் என்று பொய் சொன்னேன். கீழே தேக்கா மார்க்கெட்டில் எலிக்குப் பொறி வைக்கிறார்கள், மேல்மாடியில் நான் எலிக்கு வைத்தியம் பார்க்கிறேன் என்று எதிர்வீட்டு பரீதா அக்கா ஏற்கெனவே கேலி செய்துவிட்டார்.

டாக்டர் நம் தமிழ்ப் பெண். எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டாள். யோசித்தேன். உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு மறுநாளிலிருந்து. அன்று அம்மா தீட்டுக் கழிக்க வீடு முழுவதையும் கழுவினார். கூண்டையும் விடவில்லை. சோப்புத் தண்ணீர், அதற்குமேல் மஞ்சள் தண்ணீர். எலிகளுக்கும் குளியல். அவை படுத்திருந்த உன் பழைய டீ-ஷர்ட்டை உன் மற்றத் துணிகளோடு மூட்டை கட்டித் தூக்கிப் போட்டுவிட்டார். வாளி தூக்கிக் கொடுத்தது நான்தான். இதைக் கேட்டதும் டாக்டர் சொன்னாள்:

“வாசனைதான் அதுங்களுக்கு எல்லாமே, அக்கா. அது மொத்தமா போனதும், யார் பெரியவன்னு மறுபடியும் சண்ட ஆரம்பிச்சிருக்கும். வயசும் அப்படி. நியூட்டர், அதாவது விதை நீக்குற ஆபரேஷன் பண்ணா பெரும்பாலும் அடங்கிடும். ஆனா சின்ன உயிர். மயக்க மருந்துல ரிஸ்க் இருக்கு. யோசிச்சு சைன் பண்ணுங்க.”

அம்மாவிடம் வாசனை விஷயத்தைச் சொல்லவில்லை. உன்னைக் குளிப்பாட்டி அனுப்பிய கை அது. அதில் இன்னொரு குற்றத்தை வைக்க எனக்கு மனசு வரவில்லை.

ஆபரேஷன் என்றதுமே அம்மா அழுதார். “வேணாம்லா மாலா. அவன் வளர்த்த உயிரு. இன்னும் ஒருத்தர கத்திக்கு அனுப்ப என்னால முடியாது. தனித்தனியா வெச்சிடு.”

தனித்தனியாகவும் வைத்துப் பார்த்தேன். வடை சாப்பிடவில்லை. தவுக்கே கம்பியைக் கடித்துக்கொண்டு அவன் இருந்த பக்கமே பார்த்து உட்கார்ந்திருந்தான். கடிக்கவும் செய்வான், பிரிந்தும் இருக்க மாட்டான் என்றால் நான் என்ன செய்ய? ஒரு தடவை அவன் அதட்டலைப் பற்றி நான் பேச்செடுத்தபோது, “அவன் குணம் அது, விடுக்கா” என்றாய். வடையின் முதுகைப் பார்த்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பாயா?

படிவம் நாலு நாள் மேசைமேல் கிடந்தது. எலிக்காக மட்டும் நான் தயங்கவில்லை, உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் நீ பேனாவை வாங்காமல் என் முகத்தைப் பார்த்தாய். “சின்ன ஆபரேஷன்தான் லா. சாயங்காலம் வந்து பார்க்கிறேன்” என்று பேனாவை உன் கையில் திணித்தேன். உன்னை உள்ளே அனுப்பிவிட்டு வேலைக்குப் போனேன். அன்று அப்படி என்ன முக்கியமான மீட்டிங் என்று இப்போது எனக்கு நினைவுகூட இல்லை. நீ கண் திறக்கவில்லை என்று ஒரு முன்பின் தெரியாத குரல்தான் போனில் சொன்னது.

இந்த ஆபரேஷனும் தப்பாக முடிந்தால் அம்மா தாங்குவாரா? நான் தாங்குவேனா? செய்யாவிட்டால் அடுத்த கடியில் வடை போய்விடுவான். இதில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் எனக்கு நிம்மதியில்லை, குமரா.

நேற்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். புதன்கிழமை காலை. முழு நாள் லீவு எடுத்திருக்கிறேன். கதவுக்கு வெளியே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பேன், தண்ணீர் குடிக்கக்கூட எழ மாட்டேன். கண் விழித்தால் அவன் பக்கத்தில் இருப்பேன். விழிக்காவிட்டாலும் பக்கத்தில்தான் இருப்பேன். உனக்குச் செய்யாததை உன் எலிக்குச் செய்கிறேன். என்னை மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை, அன்று மட்டும் என்கூட இரு.

உன் அக்கா,
மாலா